குப்பை வண்டியைத் துரத்திப் போனேன்!

இன்று காலை ஸ்கூட்டியில் ஒரு குப்பை வண்டியைத் துரத்திக்கொண்டு போனேன்!

(சிரிக்காதீர்கள். நைட்டிக்கு மேலே துப்பட்டா போட்டுக்கொண்டுதான் போனேன்.)

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு தென்காசியில். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தால்தான் நமக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்பதே தெரியவரும். இந்த வாரம் சுரண்டையிலிருந்து நாத்தனார் குடும்பம். பகலெல்லாம் அருவி. சாயங்காலம் புளியறைப் பக்கம் போய் பரோட்டா. மிச்சமானதெல்லாம் பார்சலாக எங்கள் வீட்டுக்கு!

எத்தனை பேர் வந்தாலும் குப்பை விஷயத்தில் நான் கறார். நகராட்சி சொன்னபடி மக்கும் குப்பைக்குப் பச்சை பக்கெட், மக்காததற்கு நீல பக்கெட். மிச்ச சால்னா, எலும்பு, பலாப்பழத் தோல் எல்லாம் நாறக் கூடாதே! அதனால் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு, இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டுத்தான் பச்சை பக்கெட்டில் வைப்பேன். பக்கெட்டுகளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். எடுத்துப் போகிறவரின் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

இன்றைக்கு மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன். வண்டியில் வந்த பெண் என் பச்சை பக்கெட்டைத் தூக்கி, நீல பக்கெட் குப்பை கிடந்த பக்கமே கொட்டுகிறார்!

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. வீடியோ எடுத்தேன்.

"நாம பாடுபட்டுப் பிரிச்சுக் குடுக்கோம். இவங்க மொத்தமாக் கலக்குதாங்க!" என்று தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் கைதட்டல் மழை. குரூப்பில் இருக்கிற கவுன்சிலரும் "ஆக்‌ஷன் எடுக்கிறேன்" என்று போட்டுவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஃபேஸ்புக்குக்குப் பெரிய வீடியோவாக வேண்டுமே! உரக்கிடங்கு வரைக்கும் போய் எடுத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து நிமிராமலே, "ஏட்டி, குப்பை வண்டி பின்னால போறியே, உன்னையும் அள்ளிப் போட்டுட்டுப் போயிரப் போறாங்க" என்றார்.

(எந்தப் பக்கெட்டில் என்று நான் கேட்கவில்லை.)

உரக்கிடங்கு ஷெட்டில் நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து கவர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்த அந்தப் பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பெயர் இசக்கி என்று பிறகுதான் தெரிந்தது. எதிரே சூப்பர்வைசர். அவர் போனில் ஓடிக்கொண்டிருந்தது என் வீடியோ!

"கவுன்சிலர் வரைக்கும் போயிட்டு. நாளையிலருந்து நீ வர வேண்டாம். வேற ஆளைப் போட்டுக்கிடுதோம்" என்றார் அவர்.

"சார், நான் கலக்கல சார். சொல்லுததைக் கேளுங்க சார்..."

ஆக்‌ஷன் என்றால் ரெண்டு திட்டு விழும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருத்தர் வேலையே போகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை!

"பின்ன ஏன்மா பச்சை பக்கெட்டை அந்தப் பக்கம் கொட்டினீங்க?" என்று குறுக்கே புகுந்து கேட்டேன்.

இசக்கி வண்டியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து காட்டினார். பார்த்ததுமே தெரிந்தது. என் கவர்!

"இது பச்சை பக்கெட்டுல கெடந்துச்சுக்கா. கவரோட உரக்குழில போட்டா மக்குமா? குழி பூரா வீணாப் போயிரும். அதான் அந்தப் பக்கம் தள்ளி, இங்கன கொண்டாந்து பிரிக்கோம். அந்தத் தெருவுல ஒரு வீடு இருக்கு. கவருக்குக் கவர் ரெண்டு முடிச்சு! நகத்தால அவுக்கவே முடியாது, பிளேடு வச்சுத்தான் கீறணும். நாங்க அந்த வீட்டுக்கு ரெட்டை முடிச்சு வீடுன்னே பேரு வச்சிருக்கோம்."

உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "நேத்து கீறுனதும் சால்னா மூஞ்சியில அடிச்சிட்டு, ஆத்தாடி!" என்றார் ஒருவர்.

இசக்கியின் இடது பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. பிளேடு பட்ட காயம்.

ஸ்கூட்டி சாவி என் கையில்தான் இருந்தது. அப்படியே நழுவியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"அந்த வீடு என் வீடுதான்" என்றேன். "வீடியோ எடுத்ததும் நான்தான்."

"மேடம், நீங்கதான கம்ப்ளெயின்ட்டே பண்ணுனது!" என்றார் சூப்பர்வைசர்.

"கம்ப்ளெயின்ட் தப்பு சார். அவங்க செஞ்சது சரி. நான் போட்ட முடிச்சுதான் தப்பு."

அங்கேயே நின்று வீடியோவை அழித்தேன். நடந்ததை வாய்ஸ் மெசேஜாகக் குரூப்பில் போட்டேன். (மறுபடி கைதட்டல் வரவில்லை. பரவாயில்லை.) கவுன்சிலருக்கும் போன் பண்ணினேன். நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, பக்கெட்டுல மக்கும் குப்பைன்னு எழுதியிருக்கு. கவர்ல கட்டிப் போடாதீங்கன்னு யாருமே சொல்லலையே! சீசன் முடியுததுக்குள்ள இவங்களையே வீடு வீடாக் கூட்டிட்டுப் போயி சொல்லச் சொல்லுங்க. கூட நானும் வாரேன்."

"ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சிருவோம்மா" என்றவர், சூப்பர்வைசரிடமும் பேசினார்.

"மேடம் சொல்லுதாங்களேன்னு விடுதேன்" என்றார் சூப்பர்வைசர், விறைப்பாக. போகட்டும், இசக்கிக்கு வேலை நிலைத்தது!

கிளம்பும்போது இசக்கியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும்க்கா. நாளைக்கு முடிச்சில்லாமக் குடுங்க. சிந்துனா அள்ளிக்கிடுதேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் பெருமையாக எதிரே வந்தாள்.

"மதினி, நேத்து மிஞ்சின சால்னா எல்லாத்தையும் உங்கள மாதிரியே கெட்டி வச்சிட்டேன்!"

ஆறு கவர். பன்னிரண்டு முடிச்சு. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். மூன்றாவது கவரில் என் நகம் பிய்ந்தது.

நாளைக்குக் காலையில் வாசலில் நின்று, பக்கெட்டை என் கையாலேயே கொடுக்கப்போகிறேன். நீங்களும் ஒரு நாள் நின்று கேட்டுப் பாருங்களேன்.

உங்கள் வீட்டுக்கு அவர்கள் என்ன பேர் வைத்திருக்கிறார்கள்?