ஓடாத காருக்கு இன்சூரன்ஸ்

கிரீஸ் நாட்டில், கவாலா துறைமுகத்தின் பின்சந்தில் எனக்கு ஒரு சின்ன இன்சூரன்ஸ் அலுவலகம் இருக்கிறது. அனெஸ்டிஸ் அண்ணனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே போவதானாலும் நடை, இல்லையென்றால் பஸ். ஆனாலும் என்னிடம் கார் இன்சூரன்ஸ் கட்ட, தவணை தவறாமல் வருகிறவர் அவர்தான்.

கார் அவருடைய ஒரே மகன் பந்தெலிஸுடையது. அவனுக்குச் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை. ஒவ்வொரு முறை கப்பலேறும் முன்பும் காரை அப்பாவின் ஒலிவத் தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்துவான். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நம்பர் பிளேட் இரண்டையும் வரி அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவான். ஒப்படைத்துவிட்டால் சாலை வரி கிடையாது, இன்சூரன்ஸும் வேண்டாம். திரும்பி வந்ததும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் கப்பலுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் செய்வார்கள்.

கடைசி முறை அவன் அதைச் செய்யவில்லை. யாருக்கோ உடம்பு முடியாமல் போய், அந்த இடத்துக்கு அவசரமாக இவனைக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில் என் அலுவலகத்துக்குள் தலையை நீட்டினான்.

"ஒரு மாசத்துல வந்துடுவேன் மினாஸ் அண்ணே. அதுக்குப் போய் எவன் அந்த வரிசையில நிக்கிறது?"

பிஸ்கே விரிகுடாவைக் கடக்கும்போது ஒரு காலையில் அவன் வேலைக்கு இறங்கி வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள். கப்பலைத் திருப்பிக் கடலிலும் தேடினார்கள். கிடைக்கவில்லை. காணவில்லை என்று மட்டும் வீட்டுக்குத் தகவல் வந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் காரின் இன்சூரன்ஸ் முடிந்தது. ஓய்வூதியத்தில் இது முடியாது, பிளேட்டை ஒப்படைத்துவிடலாம் என்று நான்தான் அண்ணனிடம் சொன்னேன். வரி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன்.

"கார் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"என் பையன் பேர்லம்மா."

"அப்ப அவர்தான் கையெழுத்துப் போடணும். வெளிநாட்டுல இருந்தா உங்களுக்கு அதிகாரம் எழுதி அனுப்பச் சொல்லுங்க."

அனெஸ்டிஸ் அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். நான் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மன்னிச்சுக்குங்க மாமா. இறந்துட்டார்னா வாரிசா நீங்க போடலாம். உயிரோட இருந்தா அவர் போடணும். ரெண்டுக்கும் நடுவுல எங்களுக்கு எதுவும் கிடையாது. நீங்க கோர்ட்டுக்குத்தான் போகணும்."

வெளியே வந்து, "என் பிள்ளையைச் சாகடிச்சுட்டு வான்னு எவ்வளவு மரியாதையாச் சொல்றா பாரு" என்றார்.

குளிர்காலம் கழிந்து பந்தெலிஸ் பெயருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. உங்கள் வாகனத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை, அபராதம் கட்டவும் என்று. அனெஸ்டிஸ் அண்ணனின் மனைவி தெஸ்பினா அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். மாதக்கணக்கில் சிரிக்காத முகம் அன்று சிரித்தது.

"பாத்தியா மினாஸ்? கவர்மென்ட்டு எழுதியிருக்கு. திரு. பந்தெலிஸ்னு! செத்தவனுக்கு எவனாவது அபராதம் போடுவானா?"

"அக்கா, அது கம்ப்யூட்டர் அனுப்புறது."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? போடா!"

மறுநாள் அனெஸ்டிஸ் அண்ணன் அபராதத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வந்து, இன்சூரன்ஸையும் மகன் பெயரிலேயே புதுப்பித்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நேத்து ராத்திரி அவ சாப்பிட்டா தம்பி. நீ எழுது" என்றார்.

அப்படியே வருடங்கள் போயின. தெஸ்பினா அக்கா தினமும் கொட்டகைக்குப் போய் காரைத் துடைப்பாள், டயருக்குக் காற்றடிப்பாள். இறந்தவர்களுக்காகக் கோதுமை அவித்துக் கோவிலுக்குக் கொண்டுபோகும் சனிக்கிழமைகளில் அவள் வீட்டு அடுப்பு எரியாது. பாதிரியார் ஒருமுறை மெல்ல எடுத்துச் சொல்லப் பார்த்தார். "உங்க அம்மாவுக்கு அவிச்சுக்குங்க சாமி" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்.

பிறகு அனெஸ்டிஸ் அண்ணனுக்கு இதயம் பழுதாகிவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போயிட்டா இந்த வரி, அபராதம் எல்லாம் அவ தலையில விழும் தம்பி. அவ அந்த அலுவலகத்துல போய் நிக்கிறதை என்னால நினைச்சுப் பாக்க முடியல. நான் கண்ணை மூடறதுக்குள்ள முடிச்சுடறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

பந்தெலிஸ் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கேட்டுப் போட்ட வழக்கில் சாட்சி நான். நீதிபதி பொறுமையான பெண்மணி. கடைசியாக மகனிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். "பாலாடைக்கட்டி வாங்கிட்டு வரச் சொன்னேன். மறந்துட்டுக் கப்பலுக்குப் போயிட்டான். அதுக்குப் போன்ல திட்டினேன்" என்றார் அனெஸ்டிஸ் அண்ணன். அவன் திரும்பி வருவான் என்று நம்புகிறீர்களா என்பது அடுத்த கேள்வி. அவர் "இல்லை" என்றபோது அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லும்படி நீதிபதி கேட்டுக்கொண்டார். அவர் சத்தமாகச் சொன்னார்.

இப்படிப்பட்ட தீர்ப்புகளைச் செய்தித்தாளில் போட வேண்டும் என்பது சட்டம். அது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. ரொட்டிக்கடையில் யாரோ தெஸ்பினா அக்காவின் கையைப் பிடித்து அனுதாபம் சொல்லியிருக்கிறார்கள். விஷயம் கேட்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள் சமையலறை நடுவில் நின்றிருந்தாள்.

"கடல்கூட அவன் செத்துட்டான்னு சொல்லலையே, அனெஸ்டிஸ்! கப்பல்காரன் சொல்லல. நீ பெத்த அப்பன், நீ போய்ச் சொல்லிட்டு வந்திருக்கே!"

"உனக்காகத்தான் தெஸ்பினா..."

"எனக்காகவா? நான் கேட்டேனா? வாயைத் திறந்து கேட்டேனா?"

மறுநாள் அவள் ட்ராமா ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற வழியில் கொட்டகைக்குப் போய், காரின் முன்னும் பின்னும் இருந்த பிளேட்டுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். திருகாணிகள் தரையில் கிடந்தன.

கார் இப்போது அனெஸ்டிஸ் அண்ணன் பெயருக்கு மாறிவிட்டது. பிளேட் இல்லாமலே முடியுமா என்று கேட்க மறுபடியும் வரி அலுவலகம் போனோம். அதே பெண்தான்.

"எல்லாம் சரியா இருக்கு மாமா. பிளேட் எங்கே?"

"பிளேட் இல்லையேம்மா."

"தொலைஞ்சுடுச்சா, யாராவது திருடிட்டாங்களா? போலீஸ்ல எழுதிக் கொடுத்து ஒரு நகல் கொண்டு வாங்க, போதும்."

ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும், ஸ்டேஷன் பக்கத்தில்தான் என்று நான் அவரை இழுத்தேன். அவர் நகரவில்லை.

"கட்டினவளைத் திருடின்னு எழுதிக் கொடுக்கவா?"

"தொலைஞ்சுடுச்சுன்னு எழுதுங்க அண்ணே."

"தொலையலையே. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

அதனால் பிளேட் இல்லாத, ஓடாத, ஓட்ட ஆளில்லாத அந்தக் காருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் பெயரில் இன்சூரன்ஸ் கட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ராமாவுக்குப் போன் போடுகிறார். அவர் குரல் கேட்டதும் தெஸ்பினா அக்கா போனை வைத்துவிடுகிறாள்.

போன மாதம் வந்திருந்தார். மெலிந்து, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நான் ட்ராமாவுக்குப் போய் அக்காகிட்டப் பேசி அந்தப் பிளேட்டை வாங்கிட்டு வரட்டுமா?"

"அவகிட்ட மிச்சம் இருக்கிறதே அந்த ரெண்டு தகரம்தான். அதையும் பிடுங்கணுமா தம்பி?"

கையெழுத்துப் போட்டார். வெளியே தூறல். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். அவர் வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது, கதவு திறந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் அலுவலகத்தைப் பூட்டும்போதும் அண்ணன் தொப்பியைத் திருகிக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.