பனிச் சவாரி

அந்த டாக்ஸிக்காரருக்குப் 'பனிக்காரர்' என்றுதான் பெயர். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விமான நிலையம், அந்தப் பக்கம் ஒன்று. விமானத்துக்கு இருபது நிமிடம்; பெல்ட்டை மாட்டி நிமிர்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். சாலையோ மலையைச் சுற்றிக்கொண்டு போகும். விடியற்காலையில் கிளம்பினால் மத்தியானம் ஆகிவிடும்.

பனிக்காலத்தில் இங்கே இறங்க முடியாத விமானம் தலைக்கு மேல் இரண்டு வட்டம் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடும். பயணிகளை அழைத்துவர டாக்ஸிகள் ஓட வேண்டும். மற்றவர்கள் அறிவிப்புக்குக் காத்திருப்பார்கள். இவர் இரண்டாவது வட்டத்தின் சத்தம் கேட்டதுமே வண்டியைக் கிளப்பிவிடுவார். அவர் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லாமலா?

மனைவி இறந்தபின் சின்ன மகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. பனிச் சவாரி என்றால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். முன் சீட்டில் ஏறிக்கொள்வாள். வீட்டில் வாயைத் திறக்காத மனுஷர், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசுவார். அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்தச் சாலையில்தான்.

அந்த மகள் மூன்று வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்தாள். ஒரே ஒரு நாள். மறுநாள் காலையிலேயே திரும்பியாக வேண்டும். அவள் வருவதற்கு முந்தின ராத்திரி முழுக்க அவருக்குப் பொட்டுத் தூக்கமில்லை. விடிந்தால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத பனி. விமானம் முதல் வட்டம் போட்டது. இரண்டாவதும் போட்டது. பிடித்தார் ஓட்டம், மலைக்கு அந்தப் பக்கம்.

பனியிலும் இறங்கப் புதுக் கருவி வந்துவிட்டது என்று எல்லோரும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். காதில் வாங்கினால்தானே! அவர் ஊர் எல்லையைத் தாண்டும்போது மகள் இங்கேயே இறங்கிவிட்டாள். வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்கவும் மாட்டார்.

மத்தியானம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் போனால் பொழுது சாய்ந்துவிடும். கிடைத்த ஒரு நாளையும் தன் கையாலேயே பாழாக்கிவிட்டதாகத் தன்னையே திட்டிக்கொண்டார். மகள் போனில் இரண்டே வார்த்தை சொன்னாள்: "அங்கயே இருங்க."

அடுத்த விமானத்தைப் பிடித்து அவளே வந்து சேர்ந்தாள். பையைப் பின்னால் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறினாள்.

"வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாமேம்மா. இனி பாதி நாள் ரோட்டுலயே போயிடுமே."

"வீட்டுல இருந்தா 'சாப்டியா'ன்னு கேட்டுட்டு டிவிய போட்ருவீங்க. வண்டிய எடுங்கப்பா. அம்மா கதைய மறுபடி முதல்ல இருந்து சொல்லுங்க."

அவருக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைத் துடைப்பதுபோல முகத்தையும் துடைத்துக்கொண்டார். அந்தச் சாலையில் அவர் வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டியது அதுதான் முதல் தடவை.