மழைப் பதிவேட்டின் மூன்றாவது பத்தி

கார்த்திகை 9. மழை 42 மி.மீ. ஏரி நிரம்பி வழிந்து கலங்கல் போனது.
மார்கழி 3. மழை இல்லை. தம்பி தன் கைபேசியை என்னிடம் ஒப்படைத்தான்.
மார்கழி 12. மழை இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.
தை 20. மழை இல்லை. தம்பி சொன்னது: அரை மணி.
மாசி 6. மழை இல்லை. தம்பி இறந்தான். தன் முடிவைத் தானே தேடிக்கொண்டான்.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய நாள்முதல், காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதிவந்தேன். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் மழை. மூன்றாவது பத்தி தம்பிக்காகப் பின்னர் போட்டது; அதற்கு முந்தைய குறிப்புகளை மழைக்குப் பக்கத்திலேயே எழுதினேன்.

ஏரி என்றைக்குக் கலங்கல் போகும் என்று சாலவாக்கம் சாலை டீக்கடையில் ஆண்டுதோறும் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் தம்பி என் பதிவேட்டைப் புரட்டியபடி கேட்டான்:

"இன்னாண்ணே, இவ்ளோ படிச்சிக்கீறே, என்னிக்கினு சொல்லு."

கணக்கிட்டு ஒரு நாளைச் சொன்னேன். அன்றே கலங்கல் போனது. "எங்க அண்ணன் வாய மூடிக்கினு இருந்தாலும் அவர் நோட்டு பேசும்டா" என்று கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தானாம். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அவன் கைபேசியில் கிரிக்கெட் பந்தயம் கட்டத் தொடங்கியது அதற்கடுத்த கோடையில். பின்னாளில் ஏரிப் பந்தயத்துக்கே அவன் வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தீர்வாகும் பந்தயத்தில் அவனுக்குச் சுவை போய்விட்டது. ஓவருக்கு ஓவர் தீர வேண்டும்.

மார்கழியில் ஒரு காலை, துண்டில் சுற்றிய கைபேசியை என் மேசைமேல் வைத்தான்.

"உங்கிட்டயே இருக்கட்டும்ணே. நானே கேட்டாலும் குடுக்காத."

ஒன்பது நாள் கழித்து வந்து கேட்டான். "பயிர் இன்சூரன்ஸுக்கு ஓடிபி வரும்ணே. அதுக்குத்தான்."

ஐம்பத்தெட்டு வயது மனிதனின் பொருளை நான் பூட்டிவைப்பது அவனைச் சிறுமைப்படுத்துவதாகும் என்று எண்ணினேன். கொடுக்காதே என்று அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இப்போது சற்று எளிதாக இருக்கும். கொடுக்கும்போது ஒரு விதியும் வகுத்தேன்: நாளொன்றுக்கு அரை மணி, போன காசைத் துரத்தக் கூடாது, மாலையில் எனக்குச் சொல்ல வேண்டும். அதை எழுதத்தான் மூன்றாவது பத்தி. மாலைதோறும் "அரை மணிதாண்ணே" என்பான். எழுதுவேன்.

தை மாதத்தில் நீர்க்கட்டி வீட்டுக்கு வந்தார். ஏரி மதகைத் திறந்து, முறைப்படி ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் விடுபவர்.

"சார், தம்பி முறை இன்னிக்கி. மடையத் தொறக்க ஆளக் காணோம். தண்ணி சும்மா வடிகால்ல போய்க்கினு கீது."

சாவு விழுந்த நாளிலும் முறை தவறாதவன் தம்பி. வாய்க்கால் கரைக்குப் போனேன். பனைமரத்தடியில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தான். பத்தடித் தொலைவில் நவரைப் பருவத்து நாற்று நட்ட வயல் வெடித்துக் கிடந்தது.

"இருண்ணே. கடைசி ஓவர்."

நானே மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டேன். வயல் நனைந்து முடிய இரண்டு மணி நேரமாயிற்று. அவன் தலை நிமிரவில்லை.

அன்று மாலையும் "அரை மணிதாண்ணே" என்றான். அரை மணி என்றே எழுதினேன். கண்ணால் கண்டதை எழுத அந்தப் பத்தியில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னதை எழுதத்தானே அது. ஒருவன் எவ்வளவு நேரம் ஆடினான் என்பதைத்தான் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எதை அவன் ஒருநாளும் தவறவிடமாட்டானோ அதைத் தவறவிட்ட அன்றே, அவன் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். காஞ்சிபுரத்துக்கு ஒரு பேருந்துதான்.

தம்பி இறந்த பதினாறாம் நாள், அவன் மனைவி கேட்டாள்: "மாமா, அவரு உங்களாண்ட எதுனா சொன்னாரா?"

"இல்லையம்மா" என்றேன்.

அந்தப் பதிவேட்டில் மாசி 6-க்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. எஞ்சியிருப்பவை:

மழைமானியில் விழுந்த வேப்பிலைகளை எடுக்க வேண்டும்.
தம்பி வயலின் அடுத்த முறைக்கு யார் போவதென்று நீர்க்கட்டியிடம் சொல்ல வேண்டும்.
அவன் இறந்த அன்று நான் எடுத்து என் அலமாரியில் வைத்த கைபேசியைத் தம்பி மனைவியிடம் தர வேண்டும்.
அது முன்பும் ஒன்பது நாள் என்னிடம் இருந்தது என்பதை அவளிடம் சொல்ல வேண்டும்.