இரண்டாவது தேங்காய் யாருக்கு?

ஈர வாழையிலையும் நந்தியாவட்டையும் சேர்ந்த வாசனை எங்கே வந்தாலும் நான் இன்றைக்கும் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொள்வேன். சிரிக்காதீர்கள்... காரணம் இருக்கிறது.

அறுபதுகளில், தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, இரண்டு கண்ணிலும் புரை.

அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவள் நான். "அம்மணி சாப்பிட்டுச்சா?" என்று என்னைப் பற்றிக் கேட்காமல் அந்த மனிதர் ஒரு நாளும் தட்டில் கை வைத்ததில்லை.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். சோளக்காட்டு ஓரத்தில் நின்றதை வைக்கோல் போர் என்று நினைத்து நேராக நடந்து போயிருக்கிறார். போர் காதை ஆட்டியது! மலையிலிருந்து இறங்கிய யானை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். "ஏனுங்க, இவரை இனித் தனியா உடாதீங்க." மாமாவோ சிரிக்கிறார். "ஆனைக்கு என்னையத் தெரிஞ்சுதுங்க. எனக்குத்தான் ஆனையத் தெரியல."

கோயமுத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை வந்துருங்க. இன்னும் தள்ளிப்போட்டா பார்வையே போயிரும்."

ஆனால் அத்தை, என் மாமியார், ஒத்துக்கொள்ள வேண்டுமே. "அம்மங்கிட்டப் பூக் கேக்காம கத்தி வெக்க உடமாட்டேன்."

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் மாரியம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். ஆறு மாசம் முன்னால் கேட்டபோது சிவப்பு. அதனால்தான் அத்தனை நாள் தள்ளிப்போனது. இந்தத் தரமும் சிவப்பு வந்தால் அவ்வளவுதான்; மூன்றாம் தரம் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

பொட்டலம் கட்டுவது என் வேலை. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து நந்தியாவட்டையைப் பறித்தேன். துவைக்கிற கல் பக்கத்தில் செவ்வரளி பூத்துக் கிடந்தது. அதன்மேல் கை போனது... யானை ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டிவிட்டேன்!

கோயிலில் ஒரு சின்னப் பாப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்துப் பார்த்து, "வெள்ளைங்கோ! ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளுங்க" என்றார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மற்ற பொட்டலத்தை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். அதைப் பிரித்தால் என் குட்டு உடைந்துவிடும்.

அந்தக் காலத்துக் கண் ஆபரேஷன் சும்மா இல்லை. இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, ஒரு வாரம் மல்லாக்கப் படுக்க வேண்டும். தும்மக் கூடாது. மாமாவோ பொடி போடுகிறவர். டப்பியை ஒளித்துவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். மூன்றாம் நாள் அப்படியும் ஒரு தும்மல் தும்மினார் பாருங்கள்... எனக்கு உயிரே போய்விட்டது.

கண் போனால் அது என்னால்தான். அம்மனையே ஏமாற்றியவள் நான். சோறு இறங்கவில்லை. அத்தையின் முந்தானை முடிச்சைப் பார்த்தபடியே ஏழு நாளும் உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் ஒரு கனத்த கண்ணாடியை மாட்டிவிட்டார். மாமா இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி... ஏன் இப்பிடி எளைச்சுப்போயிட்டே? சாப்பிட்டியா இல்லையா?"

அப்பாடா! அந்த மூச்சை விட்ட சுகத்தை எப்படி எழுதுவது? சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அத்தை முடிச்சை அவிழ்த்தார். "இந்தா கண்ணு, இதைச் செடிக்கடியில போட்டுரு." இலை தொட்டதும் உடைந்தது. உள்ளே பூவெல்லாம் கருகிப் பழுப்பாகக் கிடந்தது. வெள்ளையா சிவப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

முடியவில்லை. "அத்தை, ரெண்டுலயும் வெள்ளையத்தானுங்க வெச்சேன்..." என்று காலைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை தூக்கி நிறுத்தினார். "தெரியும் எந்திரி. பொட்டலத்தைக் கட்டிக் கொண்டாந்தப்பவே அரளிச் செடியப் பாத்தேன். ஒரு பூவும் கொறையல."

"அப்புறம் ஏனுங்க அத்தை சொல்லல?"

"எங்க மறுக்காச் செவப்பு வந்துருமோன்னு எனக்கு மட்டும் பயம் இல்லியா?"

மறுநாள் கோயிலுக்குப் போனோம். அத்தை கையில் இரண்டு தேங்காய். ஒன்று அம்மனுக்கு நன்றி சொல்லவா என்று கேட்டேன். "ரெண்டுமே நன்றிதான், ரெண்டுமே அபராதந்தான். ஒண்ணு கட்டுன உனக்கு, ஒண்ணு தெரிஞ்சும் சும்மா இருந்த எனக்கு."

மாமா அதற்கப்புறம் பல வருஷம் அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடியோடு தோட்டம் பார்த்தார். இப்போது இருவரும் இல்லை. நல்லது எது நடந்தாலும் இரண்டு தேங்காய் உடைக்கிற பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

போன மாசம் எனக்கும் கண்ணில் அதே ஆபரேஷன். காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். மணல் மூட்டையும் இல்லை, பூக் கேட்கவும் இல்லை. பார்வை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கண்ணைத் திறந்ததும் "சாப்பிட்டியா அம்மணி" என்று கேட்க மாமா இல்லையே என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

மருமகள் காரில் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். "ரெண்டு தேங்கா வாங்கு கண்ணு" என்றேன். ஏன் ரெண்டு என்றாள். வழியெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். கடை முன்னால் காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை... மூணா வாங்கிக்கலாங்களா?"

"எதுக்கு?"

"ஆபரேஷன் அன்னைக்கு உங்க சுகர் கொஞ்சம் அதிகந்தானுங்க இருந்துச்சு. பரவால்ல, செஞ்சுரலாம்னு டாக்டர் சொன்னாரு. நீங்க பயந்துக்குவீங்கன்னு நார்மல்னு சொல்லிப்போட்டேன்."

மூன்று தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம்.