ரசமட்டமும் மேசையடிப் பூனையும்

கலைக்கூடத்தில் படம் மாட்டுபவருக்கு ரசமட்டம் என்பதே பெயராயிற்று. சாய்வு காட்டும் அக்கருவி பையில் உறங்க, கண்ணாலேயே சாய்வை அளந்துவிடுவார். பிறர் வீட்டு நாட்காட்டி கோணியிருந்தாலும் அதை நிமிர்த்தாமல் தண்ணீர்கூட அருந்தமாட்டார். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே, என்னைப் பாக்குறதுக்கு முன்னாடி எங்க தாத்தா படத்தைத்தான் நிமித்துனாரு" என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கும் அங்கேதான் வேலை; கூடத்துக் காவல்.

அவ்வாண்டு பல நாட்டுப் பூனைகள் அக்கூடத்தில் குடியேறின. காதில் பொன்வளையம் அணிந்து தெய்வமாய் அமர்ந்த வெண்கலப் பூனை. ஒரு கை தூக்கிச் செல்வத்தை அழைக்கும் மண்பூனை. காலடியில் எலிகள் சூழ, முன்கால்களை உயர்த்தித் தவம் நடிக்கும் கற்பூனையின் வார்ப்பு. நடுச்சுவரில் ஆளுயரத்தை மிஞ்சிய குளிர்நாட்டு ஓவியம்: விருந்து மேசை, சிரிக்கும் மனிதர்கள், மேசைக்கடியில் பார்ப்பவரையே பார்க்கும் கரும்பூனை. ஒரு நாட்டார் கும்பிட்ட உருவை இன்னொரு நாட்டார் பேய்க்குத் துணையாகத் தீட்டியிருந்தனர். அவ்வோவியத்தின் நேர்கீழே மனைவியின் நாற்காலி.

காலைதோறும் அவ்வோவியம் இடப்பக்கம் சற்றே சரிந்திருக்கும். அவர் நிமிர்த்துவார், மறுநாளும் சரியும்.

"ஏங்க, இந்தப் பூனை எறங்கி நடக்குதோ என்னமோ. என் பிடரியையே பாக்குது."

"நீ தூங்குறியான்னு மேற்பார்வை பண்ணுது."

"கிண்டலா? சுவத்துக்குள்ள என்னமோ பொலபொலன்னு உதிருதுங்க. நாற்காலிய நகத்திக்கவா?"

"படம் நேரா இருக்கு. சுவத்துக்கு என்ன கேடு?"

சாய்வைத் திருத்தத் தெரிந்தவருக்கு, அது ஏன் சாய்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு காலை ஓவியம் இம்மியும் சாயாமல் நின்றது. அவர் முகம் மலர்ந்தது, மறுகணமே வெளிறியது. சட்டத்துக்கு மேலே புதிதாய் ஒரு வெண்கோடு. நேற்றுவரை சட்டம் மறைத்திருந்த சுவர் அது. இதுவரை படத்தைச் சரியவிட்ட இடக்கொக்கியைப் போலவே வலக்கொக்கியும் சுவரில் பிடி தளர்ந்திருந்தது. ஓவியம் நிமிரவில்லை, நேராகவே இறங்கியிருந்தது.

கீழே நாற்காலியில் மனைவி குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் பாய்ந்து இரு கைகளாலும் சட்டத்தைத் தாங்கினார்.

"எந்திரி. மெதுவா. நாற்காலிய இழுக்காத."

"என்ன, இன்னைக்காவது நேரா நிக்குதா?"

"நிக்குது. நீ போயி ஆளுங்களக் கூட்டிட்டு வா."

சட்டத்தைத் தாங்கிய கைகளைக் கண்டவள் மெதுவாக எழுந்து, பிறகு ஓடினாள். அவள் காலடியோசை தேய்ந்தது. சுண்ணாம்பு மாவுபோல் அவர் தலையில் உதிர்ந்தது. சுவர் சுமந்த பாரம் சிறிது சிறிதாக அவர் தோளுக்கு மாறியது. நெற்றிக்கு மேலிருந்த கரும்பூனையின் கண்கள் மெல்ல இறங்கி, அவர் கண்களுக்கு நேரே வந்து நின்றன.