என் சீட்டைக் காட்டி வாங்கிப்போன மாத்திரை

இன்று காலை பரவை பஸ்ஸில் மருந்துப் பையைத் தொலைத்துவிட்டேன். ஒரு மாதத்துக்கான தூக்க மாத்திரையும் டாக்டர் சீட்டும் அதில்தான் இருந்தன.

டாக்டர் திட்டிவிட்டுப் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தல்லாகுளத்தில் வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையில் அதை நீட்டினேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னண்ணே, இப்பத்தான ஒரு அம்மா உங்க சீட்டக் காட்டி வாங்கிட்டுப் போனாங்க? உங்க அக்கான்னுல்ல நெனச்சேன்."

எனக்கு அக்காவே கிடையாது. மாத்திரையோடு பை தொலைந்ததை அவரிடம் சொன்னேன். பை மேல் இருந்த கடைப் பெயரைப் பார்த்துத்தான் அந்த அம்மா வந்திருக்க வேண்டும்.

"வேற எதுவும் கேட்டாங்களா?"

"'இம்புட்டுத்தானா, இன்னும் கொஞ்சம் தர மாட்டீங்களா'ன்னாங்க. முடியாதுன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாங்க."

சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாவிடம் இப்போது இரண்டு மாதத்து மாத்திரை இருக்கிறது.

இருவரும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். இதுவரை தகவல் இல்லை. எனக்கு மாத்திரை கிடைத்துவிட்டது. போட்டாலும் இன்று தூக்கம் வருமா, தெரியவில்லை.

பச்சைச் சேலை, நாற்பது வயது இருக்குமாம். எங்கேயாவது பார்த்தால் மாத்திரையைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். "சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். உட்கார்ந்தபடியே எனக்கு எழுதுங்கள்.