இடது கைக்கு ஒரு கிடார்

போன ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், முன்பின் தெரியாதவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஒரு பழைய கிடாரின் கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல். எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அதனாலென்ன... வாங்குவது எப்படி என்று இரண்டு வாரம் வீடியோ பார்த்தவன் நான்!

கிடார் என் மனைவி மல்லிகாவுக்கு.

மல்லிகா கணக்கு டீச்சர். பிறவி இடது கைக்காரி. காய் நறுக்குவது, கோலம் போடுவது எல்லாம் இடது கைதான். எழுதுவது மட்டும் வலது கை. ஒன்றாம் வகுப்பில் அடித்து மாற்றிவிட்டார்கள்.

முதலில் எங்கள் ஊர் பெரம்பலூரிலேயே ஒரு கடைக்குப் போனோம். புதுக் கிடார்கள் பளபளவென்று தொங்கின. ஒன்றைக் கையில் வாங்கி, தனக்கு வாகாகப் பிடித்தாள். கடைக்காரர் பதறிப்போனார்.

"டீச்சர், மாத்திப் புடிச்சிருக்கீங்க."

"நான் இடது கைங்க."

"அந்த மாடல இங்க யாரும் கேக்கறதில்லைங்க. தந்தியக் கழட்டி மாத்தி மாட்டலாம். ஆனா தந்தி உக்கார்ற பள்ளமெல்லாம் இந்தப் பக்கத்துக்கு வெட்டுனது, சத்தம் சுத்தமா வராது. பேசாம வலது கையிலயே கத்துக்குங்க. பழகிட்டா வந்துரும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. படியிறங்கும்போது சொல்லியும் விட்டேன். மல்லிகா நின்றாள்.

"எழுத்த மாத்துனாங்க, மாத்திக்கிட்டேன். அப்ப ஆறு வயசு. இப்ப நாப்பத்தேழு. இதையும் மாத்தித்தான் ஆவணும்னா எனக்குக் கிடாரே வேணாங்க."

அதன்பிறகு வீட்டில் கிடார் பேச்சே இல்லை. கோபமென்றால் சமாதானம் செய்யலாம். ஆசையை மடித்து உள்ளே வைத்துவிட்டவரை என்ன செய்வது?

அவளுடன் வேலை செய்யும் ஸ்டெல்லா டீச்சர்தான் தன் ஊரில் ஒரு கிடார் விலைக்கு இருப்பதாகச் சொன்னார். "ஏதோ கோளாறாம் சார். பாக்க வந்தவங்கல்லாம் தொட்டுட்டு வெச்சிட்டுப் போயிட்டாங்க."

கோளாறு என்றால் விலை குறையும். மலிவாக வாங்கி, தந்தி மாற்றிப் பார்க்கலாம் — இது என் கணக்கு. கணக்கு டீச்சருக்கு நம்பிக்கையில்லை. நான்தான் கிளப்பினேன். அரியலூர் வரை சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால், உடையார்பாளையம் தாண்டியதும் முந்திரித் தோப்புகள் வழியே...

விற்பவள் ஜெசி. நர்ஸ். லீவில் வந்திருந்தாள். மாதா கோயில் பாட்டுக் குழுவில் வாசிப்பவள். ஸ்பீக்கரில் மாட்டுகிற மாதிரி புதிதாக ஒன்று வாங்கிவிட்டாளாம்.

கழுத்து வளையவில்லை. வயிறு உப்பவில்லை. தந்தியின் உயரம்... ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், சரி. அப்புறம் மடியில் வைத்துக் கட்டை விரலால் வருடினேன். மேலே இருக்க வேண்டிய தடித்த தந்தி கீழே! கீறல் விழாமலிருக்கக் கீழே ஒட்டியிருக்க வேண்டிய கறுப்புத் தகடு மேலே!

"ஏம்மா, எல்லாத்தையும் தலைகீழா மாட்டியிருக்கே?"

ஜெசி சிரித்தாள். "வர்றவங்கல்லாம் இதத்தான் சார் சொல்றாங்க."

அதற்குள் அவள் அம்மா காபி கொண்டுவந்தார். ஜெசி ஒரு டம்ளரை எடுத்து மல்லிகாவிடம் நீட்டினாள்.

"ஏய், எந்தக் கையில குடுக்கற? வேலைக்குப் போயும் இந்தப் பழக்கம் போவல பாரு!" என்று அதட்டினார் அம்மா.

மல்லிகா அந்தக் கையைப் பார்த்தாள். தன் இடது கையை நீட்டி டம்ளரை வாங்கினாள். குடிக்காமல் கீழே வைத்தாள்.

"ஏங்க... அத இங்க குடுங்க."

கொடுத்தேன். கழுத்தை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். அவள் மடியில் தடித்த தந்தி மேலே வந்தது, தகடு கீழே வந்தது. ஜெசி அருகில் உட்கார்ந்து மல்லிகாவின் வலது கை விரல்கள் இரண்டைத் தந்திமேல் அழுத்தி வைத்தாள். இடது கை ஒரு இழுப்பு. ஒரு தந்தி மட்டும் 'டொக்' என்றது. மற்றவை ஹால் முழுக்க ஒலித்தன.

"கை மாறிக் கெடக்குன்னு ஒருத்தரும் சீந்தலைங்க டீச்சர்," என்றார் அம்மா.

"கிடாரு நல்லாத்தாம்மா இருக்கு. வந்தவங்க கைதான் மாறியிருந்துச்சு," என்றாள் ஜெசி.

பேரம் பேசத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் மல்லிகா மடியிலிருந்து அதை இறக்கினால்தானே! பழைய பொருள் வாங்கப் போகும் வாசகர்கள் கவனிக்க: பிடித்துவிட்டது முகத்தில் தெரிந்தால் பேரம் முடிந்தது.

இப்போது தினமும் மாலையில் அந்த இரண்டு விரல், அந்த ஒரே இழுப்பு. 'டொக்' குறைந்து வருகிறது.

நேற்று ஹாலில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து நானும் அதை மடியில் எடுத்து வைத்தேன். சமையலறை வாசலிலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது.

"மாத்திப் புடிச்சிருக்கீங்க!"